மரவேலைக் கேள்வி – பதில்: நகரும் மைட்டர் ரம்பத்தை எதைப் பார்த்து வாங்குவது?

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, மரத்தை வேண்டிய கோணத்தில் குறுக்காக அறுக்கும் மின்பொறியான மைட்டர் ரம்பத்தைப் பற்றியே இருந்தன. ஆகவே அவற்றில் ஐந்தை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, நான் பணி ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். கொல்லைப்புறத் தாழ்வாரத்தில் 12 அடிக்கு 10 அடி இடத்தை மரவேலைக்கென்று ஒதுக்கி, முக்காலி, புத்தக அலமாரி, ஊஞ்சல் பலகை போன்றவற்றைச் செய்து வருகிறேன். கைரம்பத்தால் அறுத்து அறுத்துத் தோள்பட்டையில் வலி வந்துவிட்டதால், ஸ்லைடிங் காம்பவுண்ட் மைட்டர் சா ஒன்று வாங்க எண்ணுகிறேன். கடையில் எட்டரை அங்குலம், 10 அங்குலம், 12 அங்குலம் என்று மூன்றைக் காட்டி, பெரியதை வாங்கினால் எல்லா வேலைக்கும் ஆகும் என்கிறார்கள். எதை வாங்கலாம்?
— வாசகர், கும்பகோணம்

பதில்: முதலில் அந்த நீண்ட பெயரைப் பிரித்துப் பார்த்துவிடுவோம். மைட்டர் என்பது மேசைத்தட்டு இடமும் வலமும் திரும்பி, மரத்தின் முகத்தில் கோணவெட்டு விழச் செய்வது. காம்பவுண்ட் என்பது அதோடு கூடவே பிளேடும் ஒரு பக்கம் சாய்ந்து கொடுப்பது. ஸ்லைடிங் என்பது மோட்டாரும் பிளேடும் சேர்ந்த தலைப்பகுதி, குழாய்களின் மீது முன்னும் பின்னும் நகர்ந்து அகலமான பலகையையும் அறுக்க வல்லது. மூன்றும் சேர்ந்தாலும் இது குறுக்காக அறுக்கும் பொறிதான். பலகையை நீளவாக்கில் பிளக்க இது உதவாது, அப்படி முயல்வதும் கூடாது. அந்த எதிர்பார்ப்பும் தங்களுக்கு இருந்தால் அதற்கு வேறு பொறிதான் வேண்டும்.

கடைக்காரர் சொல்லும் அங்குலக் கணக்கு பிளேடின் விட்டத்தைக் குறிக்கிறதே தவிர, அது அறுக்கும் மரத்தின் அளவைக் குறிப்பதில்லை. நகரும் ரம்பத்தில் அகலத்தைத் தீர்மானிப்பது குழாயின் நீளம், உயரத்தைத் தீர்மானிப்பதுதான் பிளேடு. ஒரே நிறுவனத்தின் இரண்டு பொறிகளை ஒப்பிட்டால் இது எளிதாக விளங்கும். போஷின் ஜிசிஎம் 8 எஸ்ஜேஎல் என்ற 216 மி.மீ., அதாவது எட்டரை அங்குலப் பிளேடு கொண்ட பொறி, நேர்வெட்டில் 70 மி.மீ. உயரமும் 312 மி.மீ. அகலமும் அறுக்கிறது. அதன் எடை ஏறத்தாழ 17 கிலோ. அதே நிறுவனத்தின் 12 அங்குல ஜிசிஎம் 12 ஜிடிஎல் 104 மி.மீ. உயரமும் 341 மி.மீ. அகலமும் அறுக்கிறது. அதன் எடை ஏறத்தாழ 32 கிலோ. எடை கிட்டத்தட்ட இரட்டிப்பாகும்போது அகலத்தில் கூடுவது ஓர் அங்குலத்துக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். கூடுதல் பணம் உயரத்துக்குத்தான் போகிறது.

எனவே தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியது இதுதான்: நான் அறுக்கும் மரம் எவ்வளவு தடிமன்? முக்காலிக் கால் ஒன்றரை அங்குலமோ இரண்டு அங்குலமோ இருக்கும், அலமாரிப் பலகை முக்கால் அங்குலம், ஊஞ்சல் பலகை இரண்டு அங்குலம். இவை யாவும் 70 மி.மீ., அதாவது இரண்டே முக்கால் அங்குலத்துக்குள் அடங்கிவிடுகின்றன. ஊஞ்சல் பலகையின் அகலம் ஒன்றரை அடிக்குக் குறையாது என்பதால், 12 அங்குலப் பொறியானாலும் ஒரே வீச்சில் அறுபடாது. ஒரு பக்கம் அறுத்து, பலகையைப் புரட்டி, மறுபக்கத்திலிருந்து வந்து சேர வேண்டும். வாசல் நிலை, ஜன்னல் நிலை செய்கிறவர்களின் கதை வேறு. நாலுக்கு மூன்று சட்டத்தைப் படுக்கையாக வைத்தாலும் மூன்று அங்குலம் நிற்கும், 216 மி.மீ. பிளேடு அதைத் தாண்டாது. அவர்களுக்கு ஏறக்குறைய 90 மி.மீ. உயரம் தரும் 10 அங்குலப் பொறி பொருந்தும். தங்கள் பட்டியலில் நிலைச்சட்டம் இல்லாததால், எட்டரை அங்குலமே போதும் என்பது என் கருத்து. மிச்சப்படும் பணத்தில் நல்ல பிளேடு ஒன்றும் முகமூடியும் காதடைப்பானும் வாங்கிக்கொள்ளுங்கள்.

எடையை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தாழ்வாரம் என்கிறீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் சாரல் ஒரு பக்கமாக அடிக்கும்போது பொறியை உள்ளே தூக்கி வைக்க வேண்டிவரும். 17 கிலோவை ஒருவர் தூக்கிவிடலாம். 32 கிலோவைத் தூக்க ஆளைத் தேடி நிற்கும் நேரத்தில் குழாயின் மீது துரு பூத்துவிடும். குழாயை உலர்ந்த துணியால் துடைத்து வைத்தால் போதும். எண்ணெயைக் கொழகொழவென்று பூசினால் மரத்தூள் ஒட்டிக்கொண்டு, தலைப்பகுதி விட்டுவிட்டு நகரத் தொடங்கும்.

இடத்தையும் அளந்துகொள்ளுங்கள். பெரும்பாலான பொறிகளில் குழாய்கள் பின்பக்கம் நீண்டு வருவதால், சுவருக்கும் பொறிக்கும் இடையே ஒரு சாண் அளவாவது விட்டாக வேண்டும், சிலவற்றுக்கு ஓர் அடியும் தேவைப்படும். மடங்கும் கை கொண்டவையும், குழாய்கள் அசையாமல் தலைப்பகுதி மட்டும் அவற்றின் மீது நகரும்படி அமைத்தவையும் சுவரை ஒட்டி நிற்கும், விலை கூடுதல். 12 அடிச் சுவரின் நடுவில் பொறியை நிறுத்தினால் இரு பக்கமும் ஆறாறு அடி கிடைக்கும். 45 டிகிரிக்குத் திருப்பும்போது அறுக்கும் அகலம் பத்துக்கு ஏழு என்ற கணக்கில் சுருங்கிவிடும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 300 மி.மீ. என்றால் சுமார் 210 மி.மீ. தான் கிடைக்கும். பிளேடு இரு பக்கமும் சாயும் பொறி, கூரையடி அலங்காரச் சட்டம் பொருத்துகிறவர்களுக்கே பெரிதும் பயன்படும். தங்களுக்கு ஒரு பக்கச் சாய்வே போதும்.

இனி, கடையில் செய்ய வேண்டிய சோதனை. பெட்டியைப் பிரித்து, பொறியை மேசை மீது வைக்கச் சொல்லுங்கள். தலைப்பகுதியைக் கடைசிவரை முன்னே இழுத்து, கைப்பிடியைப் பிடித்து இடமும் வலமும் மெல்ல அசைத்துப் பாருங்கள். லேசாக வளைந்து கொடுப்பது இயல்பு, ஆனால் டக்கென்று ஆட்டம் தெரிந்தால் அதை வாங்க வேண்டாம். பிறகு இரும்பு அளவுகோலை ஃபென்ஸ் மீது, அதாவது மரத்தைச் சாத்தி வைக்கும் பின்தடுப்பின் மீது, பிளேடுக்கு இடம் வலமாக ஒட்டிப் பிடித்து, இடையில் ஒரு தாளைச் செருகிப் பாருங்கள். தாள் எங்கும் நுழையக் கூடாது. நான் வாங்கிய முதல் பொறியில் அந்தத் தடுப்பு வில்லைப் போல அரை நூல் வளைந்திருந்தது (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு). கடையில் போய்ச் சொன்னபோது, மரம்தான் கோணல் என்று அனுப்பிவிட்டார்கள். மூன்று மாதம் மரத்தையே சந்தேகித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கியிருந்தால் அந்தத் தொல்லையே வந்திருக்காது.

கடைசிச் சோதனை வீட்டில். ஆறு அங்குல அகலமுள்ள, இரு விளிம்பும் இணையாக இழைத்த பலகையை 90 டிகிரியில் குறுக்காக அறுங்கள். அறுத்த இரண்டு துண்டுகளில் ஒன்றை மட்டும் தலைகீழாகப் புரட்டி, இரண்டையும் ஃபென்ஸ் மீது சாத்தி, வெட்டுமுகங்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பாருங்கள். இடைவெளி இல்லையென்றால் பொறி நேராக இருக்கிறது. ஃபென்ஸ் பக்கமோ தங்கள் பக்கமோ ஒளிக்கீற்று தெரிந்தால், அந்த இடைவெளி உண்மையான பிழையைப் போல இரு மடங்கு. அதில் பாதியைத் திருத்தும்படி ஃபென்ஸின் திருகுகளைத் தளர்த்திச் சரிசெய்யுங்கள். மூலைமட்டம் தேய்ந்திருந்தால் நம்மை ஏமாற்றும், இந்தச் சோதனை ஏமாற்றாது.

எந்த நிறுவனம் என்று நான் வலியுறுத்த மாட்டேன். கார்பன் பிரஷ், சுவிட்ச் போன்ற உதிரிகள் தஞ்சாவூரிலோ திருச்சியிலோ கிடைக்குமா என்று விசாரித்து, கிடைப்பதை வாங்குங்கள்.

கேள்வி: பொறியோடு வந்த பிளேடால் பிளைவுட்டை அறுத்தால் அடிப்பக்கம் சிலும்பு சிலும்பாகப் பெயர்கிறது. தேக்கை அறுத்தாலும் வெட்டுமுகம் சொரசொரப்பாக இருக்கிறது. பொறியில் குறையா?
— வாசகர், மயிலாடுதுறை

பதில்: பொறியில் குறை இருக்க வாய்ப்பு குறைவு. பெட்டியோடு வரும் பிளேடுகளில் பல, கட்டடவேலைக்கென்று 24 முதல் 40 பல் வரை கொண்டவையாக இருக்கின்றன. அவை விரைவாக அறுக்கும், ஆனால் வழவழப்பாக அறுக்காது. 216 மி.மீ. பொறிக்கு 60 பல்லும், 10 அங்குலத்துக்கு 60 முதல் 80 பல்லும் கொண்ட, கார்பைடு முனை பிளேடு வாங்குங்கள்.

பல்லின் எண்ணிக்கையைவிட முக்கியமான ஒன்றைக் கடைகளில் பெரும்பாலும் சொல்வதில்லை. அது பல் முன்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம். நீளவாக்கில் பிளக்கும் பிளேடில் பற்கள் 15, 20 டிகிரி முன்னே சாய்ந்து, மரத்தைக் கொத்தி இழுக்கும். நகரும் மைட்டர் ரம்பத்தில் அதைப் பொருத்தினால் பிளேடு மரத்தின் மீது ஏறிக்கொண்டு தங்கள் பக்கமாகப் பாய முற்படும். இங்கே வேண்டியது பூஜ்யம் டிகிரி, அல்லது மைனஸ் 5 டிகிரி. உறையில் அச்சிட்டிருப்பார்கள், இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். நடுத்துளையும் பொறியின் தண்டும் ஒத்துப்போக வேண்டும். 25.4 மி.மீ., 30 மி.மீ. என்று இரண்டு அளவுகள் புழக்கத்தில் உள்ளன. பிளேடில் பொறித்துள்ள உச்சச் சுழற்சி வேகம், பொறியின் வேகத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

அடிப்பக்கம் பெயர்வதற்கு எளிய வைத்தியம் ஒன்று உண்டு. கால் அங்குலப் பிளைவுட் துண்டு ஒன்றைப் பொறியின் மேசை மீது இரட்டைப் பக்க ஒட்டுநாடாவால் ஒட்டி, பிளேடை ஒருமுறை அதன் வழியே இறக்குங்கள். பிளேடின் தடிமன் அளவே வாய் திறக்கும். அந்த வாயின் மீது வைத்து அறுக்கும்போது, அடியில் இருக்கும் நார்களுக்குத் தாங்கு கிடைத்துவிடுவதால் அவை பெயர்வதில்லை. அந்த வாயே எங்கே அறுபடும் என்பதையும் காட்டிவிடும், பென்சில் கோட்டை அதன் விளிம்போடு சேர்த்து வைத்தால் போதும். லேசர் கோட்டைவிட நான் இதைத்தான் நம்புகிறேன்.

தேக்கு மரத்தில் சிலிக்கா உண்டு, தென்னை மரமும் பிளேடைத் தேய்ப்பதில் கெட்டிக்காரத்தனம் கொண்டது. 2018 நவம்பரில் கஜா புயலில் விழுந்த தென்னைகளை அறுத்துப் பார்த்தவர்களுக்கு அது தெரிந்திருக்கும். பிளேடு மழுங்கினால் வெட்டுமுகம் கருகும், சத்தம் மாறும். அப்போது அழுத்தி அறுக்காமல் சாணைக்கு அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: வணக்கம் ஐயா. நான் தஞ்சாவூர் ஓவியம் வரைந்து, தேக்குச் சட்டமும் நானே போடுகிறேன். மைட்டர் ரம்பத்தில் 45 டிகிரி வைத்துத்தான் அறுக்கிறேன். ஆனாலும் சட்டத்தின் மூலைகள் சில நாளில் வாய் பிளக்கின்றன. இதைவிட விலை உயர்ந்த பொறி வாங்கினால் தீருமா?
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: அம்மா, புதுப்பொறி வாங்கும் முன் மூலை எந்தப் பக்கம் பிளக்கிறது என்று கவனியுங்கள். விடை அதிலேயே இருக்கிறது.

மரம் ஈரம் குடித்தால் அகலத்தில் உப்பும், நீளத்தில் ஏறக்குறைய மாறாது. அகலம் மட்டும் கூடும்போது 45 டிகிரியாக வெட்டிய முனை 45-ஐத் தாண்டிவிடுகிறது. அதனால் உள்மூலை முட்டிக்கொண்டு வெளிமூலை திறக்கும். மரம் காய்ந்தால் இதற்கு நேர்மாறாக உள்மூலை திறக்கும். அடைமழைக் காலத்தில் வெளிப்பக்கமும், சித்திரை வெயிலில் உள்பக்கமுமாக மாறி மாறிப் பிளந்தால் குற்றம் மரத்தின் ஈரத்தில்தான். எத்தனை விலை கொடுத்து வாங்கிய பொறியும் அதைத் தீர்க்காது. நன்றாகப் பதப்பட்ட மரத்தை வாங்கி, அறுப்பதற்கு முன் சில வாரம் வீட்டுக்குள்ளேயே குறுக்கு ரீப்பர் வைத்து அடுக்கி விடுங்கள். சட்டத்தின் அகலம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்கு அசைவும் குறையும். மூலையின் வெளிப்பக்கத்தில் ரம்பக்கீறல் போட்டு, மெல்லிய தேக்குச் சில்லைப் பசையோடு செருகினால் பிடிப்பு பல மடங்கு உறுதியாகும்.

எந்தப் பருவத்திலும் ஒரே பக்கம் திறந்திருந்தால், அது வெட்டுக்கோணத்தின் பிழை. ஒரு சட்டத்துக்கு எட்டு வெட்டு. வெட்டுக்குக் கால் டிகிரி பிழை என்றால், மூன்று மூலைகளை இறுக்கிச் சேர்த்தபின் நான்காம் மூலையில் இரண்டு டிகிரி வந்து நிற்கும். மூன்று அங்குல அகலச் சட்டத்தில் அது ஒரு நூலுக்கும் மேற்பட்ட பிளவு. அளவுத்தட்டில் 45 என்ற இடத்தில் முள் நின்றுவிட்டது என்பதை மட்டும் நம்பாமல், கழிவு மரத்தில் எட்டு வெட்டும் போட்டு ஒரு சிறு சட்டத்தைக் கயிற்றால் கட்டிப் பாருங்கள். நான்காம் மூலை சேரும்வரை கோணத்தை மயிரிழை மயிரிழையாகத் திருத்துங்கள். எதிரெதிர்ச் சட்டங்கள் நீளத்தில் துளியும் வேறுபடக் கூடாது. ஒவ்வொன்றையும் அளந்து அறுப்பதைவிட, ஃபென்ஸில் ஒரு கட்டையைக் கிளாம்பால் இறுக்கி, இரண்டு சட்டங்களையும் அதில் முட்டவைத்து அறுப்பதே சரியான முறை.

இன்னொன்று. தங்கத் தாள் ஒட்டும் அறையில் ரம்பத்தை ஓட்டாதீர்கள். மாவுப் பூச்சு ஈரமாக இருக்கும்போது பறந்து வந்து படியும் தேக்குத் தூளைப் பிறகு எடுக்க முடியாது.

கேள்வி: குறுவைக்குப் பம்ப்செட்டுகள் ஓடும் நேரத்தில் எங்கள் ஊரில் விளக்கே மங்குகிறது. 1,600 வாட் ரம்பம் தாங்குமா? வீட்டு இன்வர்ட்டரில் ஓட்டலாமா?
— வாசகர், மன்னார்குடி

பதில்: இன்வர்ட்டரில் ஓட்ட வேண்டாம். விசிறிக்கும் விளக்கிற்கும் போட்ட இன்வர்ட்டர், ரம்பம் கிளம்பும் நொடியில் இழுக்கும் மின்னோட்டத்தைத் தாங்காது. 230 வோல்ட்டில் 1,600 வாட் என்றால் ஓடும்போது சுமார் 7 ஆம்பியர், கிளம்பும்போது அதைப் போலப் பல மடங்கு. மெல்லக் கிளம்பும் வசதி கொண்ட பொறியாகப் பார்த்து வாங்கினால் இந்த உதைப்பு தணியும், தங்கள் ஊருக்கு அது அவசியம் என்றே சொல்வேன். 16 ஆம்பியர் பிளக் பாயின்ட், 2.5 சதுர மி.மீ. செம்புக்கம்பி, நல்ல எர்த், 30 மில்லி ஆம்பியர் கசிவுத் தடுப்பான் ஆகிய நான்கும் இருக்க வேண்டும். நீட்டிப்பு ஒயரைச் சுருளாக வைத்து ஓட்டினால் அது சூடேறும், முழுவதும் பிரித்துவிடுங்கள். வோல்ட்டேஜ் இறங்கிய நேரத்தில் பிளேடு திணறுவது காதிலேயே தெரியும். அப்போது அறுத்துக்கொண்டே போனால் மோட்டாரின் சுருள் கருகிவிடும். பம்ப்செட்டுகள் ஓயும் நேரத்துக்கு வேலையைத் தள்ளிவைப்பதுதான் வழி.

கேள்வி: தாத்தா காலத்து வீட்டைப் பிரித்த உத்திரமும் கைமரமும் கிடக்கின்றன. அவற்றை அறுப்பதற்காகவே மைட்டர் ரம்பம் வாங்கிவிட்டேன். இதுவரை மின்பொறியைத் தொட்டதில்லை. எதில் கவனமாக இருக்க வேண்டும்?
— வாசகர், நாகப்பட்டினம்

பதில்: பழைய மரத்தில் முதல் எதிரி ஆணி. தலை ஒடிந்து உள்ளே புதைந்த ஆணி கண்ணுக்குத் தெரியாது. ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத்தை நூலில் கட்டி, மரத்தின் நான்கு முகத்திலும் தொங்கவிட்டு நகர்த்துங்கள். காந்தம் ஒட்ட இழுக்கும் இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்து, உளியால் தோண்டி ஆணியை எடுத்தபின் அறுங்கள். ஆழத்தில் இருப்பதைக் காந்தம் காட்டாது என்பதால், பழைய மரத்துக்கென்று ஒரு மட்டமான பிளேடைத் தனியே வைத்துக்கொள்வது நல்லது. முறுக்கிக்கொண்ட கைமரம் மேசையில் ஆடும். அதை ஆடவிட்டு அறுத்தால் பாதியில் பிளேடைக் கவ்விக்கொள்ளும். வளைந்த மரத்தில் முதுகுப்பக்கம் ஃபென்ஸைத் தொட வேண்டும், அடியில் இடைவெளி இருந்தால் ஆப்பு வைக்க வேண்டும்.

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பொறியிடம் போகாதீர்கள். வேட்டியை மடித்துக் கட்டுவதும் போதாது, கால்சட்டை போட்டுக்கொள்ளுங்கள். கையுறை வேண்டாம், பல்லில் நூல் மாட்டினால் கையையும் இழுத்துக்கொண்டு போகும். கண்ணாடியும் என்95 முகமூடியும் கட்டாயம் வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. பொறியோடு வரும் துணிப்பை எல்லாத் தூளையும் பிடித்துவிடாது.

அறுக்கும் முறையை மின்சாரம் கொடுக்காமல் பத்து முறை பழகுங்கள். தலைப்பகுதியை முதலில் மேலே தூக்கிய நிலையில் தங்கள் பக்கம் இழுக்க வேண்டும், பிறகு சுவிட்சை அழுத்தி, பிளேடு முழு வேகம் எடுத்தபின் கீழே இறக்கி, ஃபென்ஸை நோக்கித் தள்ளிக்கொண்டே அறுக்க வேண்டும். அறுத்தபடியே தங்கள் பக்கம் இழுக்கக் கூடாது. மரத்தைப் பிடிக்கும் கை பிளேடிலிருந்து ஆறு அங்குலத்துக்கு அப்பால் இருக்கட்டும், அதற்குள் பிடிக்க வேண்டிய குட்டைத் துண்டானால் கிளாம்பு போடுங்கள். வெட்டு முடிந்ததும் சுவிட்சை விட்டுவிட்டு, பிளேடு கீழேயே முழுவதும் நின்றபிறகுதான் தலையை உயர்த்த வேண்டும். சுழலும்போதே தூக்கினால் அறுபட்ட துண்டைப் பல் கவ்விச் சுவரில் எறியும். பிளேடு மாற்றும்போது பிளக்கைக் கழற்றிவிடுங்கள். பிளேடை இறுக்கிப் பிடிக்கும் போல்ட் பெரும்பாலான பொறிகளில் எதிர்ப்புரி என்பதால், கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும்.